வாழ்வின் கீதங்கள்: துனீசியக் கவி அபுல் காசிம் ஷாப்பி

(பொன்னேரியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பிறமொழிக் கவிஞர் ஒருவரைத் தமிழர்க்கு அறிமுகம் செய்வது இவ்வாண்டுச் சொற்பொழிவின் பொருளாக அமையட்டும் என்று அன்பர்கள் என்னைப் பணித்தபோது, மேனாட்டுக் கவிஞர் பலருடைய பெயர்கள் அவர்கள் வாயினின்றே எழுந்தன. எனினும் நான் அரபுக் கவிஞர் ஒருவரையே தேர்ந்துகொண்டேன். அதற்கு இப்பொன்னேரியின் இருப்பிடமே முதற்காரணம். இங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பழவேற்காடு. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்புவதற்கு முன்னரே கடல் வாணிகத்தால் பெயர்பெற்றிருந்த அத்துறையில், அரபு நாட்டு மூதாதையர் வழிவந்தோம் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. தமிழை அரபு லிபியில் எழுதிய அரபுத்தமிழ் மரபின் சுவடுகளும் அங்கே உண்டு. வடக்கு நோக்கிச் சென்றால் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் ஆலைகளில் உருக்கும் வார்ப்படமும் பழகிய இளைஞருள், வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்று, அரபு மொழியின் பேச்சு வழக்கை நாவில் ஏற்றிக்கொண்டு திரும்புவோர் உண்டு. ஆக, இவ்வட்டாரத்தில் அரபு, தொழுகையின் மொழியாகவும் கூலியின் மொழியாகவும் நெடுநாளாகப் பழகியதே. அம்மொழி காதலும் கானகமும் விடுதலையும் பாடிய கவிமொழியாக, அதுவும் நம் பாட்டன்மார் காலத்தில் புத்துயிர் பெற்றெழுந்த கவிமொழியாக, நம் செவியை எட்டியது மிகக் குறைவு. கலீல் ஜிப்ரான் ஒருவர் மட்டுமே தமிழ் வாசகரின் அலமாரிகளில் நிலைத்த இடம் பெற்றிருக்கிறார். அவருக்குப் பின் பிறந்து, அவரைப் படித்து வளர்ந்து, அவர் மறைந்த மூன்றே ஆண்டுகளில் தாமும் மறைந்த துனீசிய நாட்டு இளங்கவி அபுல் காசிம் ஷாப்பி அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இவர் பெயரை அறிந்தவர்களும் பெரும்பாலும் ஒரு பாட்டின் முதல் இரண்டு வரிகளைக் கொண்டே அறிவார்கள். அவ்வரிகள் துனீசியாவின் தேசிய கீதத்தில் இடம்பெற்றவை. 2011-ஆம் ஆண்டில் தூனிஸ் நகரத்து வீதிகளிலும் கெய்ரோ நகரத்துச் சதுக்கத்திலும் லட்சக்கணக்கான மக்கள் முழங்கியவை. அம்முழக்கத்தின் பெருமையை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் ஒரு கவிஞனை அவனுடைய இரண்டு வரிகளுக்குள் அடக்கிவிடுவது, அவனை வாழவைப்பது போலத் தோன்றினும், அவனுக்கு இழைக்கும் அநீதியே ஆகும். ஷாப்பி முதலில் காதற்கவி. அடுத்து வனத்தின் கவி. அவ்விரண்டின் விளைவாகவே மக்களின் கவி. இந்த வரிசையை மாற்றிப் படிப்போர்க்கு அவருடைய வீரப்பாட்டின் பொருளும் முழுமையாக விளங்காது என்பதே நான் இன்று நிலைநாட்ட விரும்பும் கருத்து.

துனீசியாவின் தென்பகுதியில், ஷத் அல்-ஜரீது என்னும் பரந்த உப்பேரியின் விளிம்பில், தோஸர் என்னும் பாலைவனச் சோலையூர் இருக்கிறது. அதையொட்டிய ஷாப்பிய்யா என்னும் சிற்றூரில் 1909-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் நம் கவிஞர் பிறந்தார். பாலைவனச் சோலை என்றதும், மணற்கடலின் நடுவே நாலைந்து ஈச்சமரங்களும் ஒரு குட்டையுமாகச் சித்திரங்களில் கண்ட காட்சியே நம்மில் பலருக்கு நினைவில் எழும், தோஸர் அத்தகையதன்று. அது லட்சக்கணக்கான பேரீச்ச மரங்கள் செறிந்த பெருந்தோப்பு. உச்சியில் பேரீச்சின் ஓலைகள் பந்தலிட, அந்நிழலில் அத்தியும் மாதுளையும் பாதாமியும் செழிக்க, அவற்றின் நிழலில் காய்கறிப் பாத்திகள் விரிய, ஒரே நிலம் மூன்று அடுக்காக விளைகின்ற அற்புதத்தை அங்கே காணலாம். இத்தனைக்கும் ஆதாரம் ஊற்றுநீர். அந்நீரை எவர் வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு ஷப்பாத் என்னும் அவ்வூர் அறிஞர் கணக்கிட்டு வகுத்தார். அடியில் சிறு துளையிட்ட கலத்தில் நீர் நிரப்பித் தொங்கவிட்டு, அது வடிந்து முடியும் நேரத்தை ஒரு பங்காகக் கொண்டு, வாய்க்கால் திறந்து அடைக்கும் முறை அங்கே வழங்கியது. ஏரிப் பாசனத்தையும் மடை திறக்கும் முறையையும், முறைநீர் தப்பினால் எழும் வழக்குகளையும் அறிந்த ஆரணியாற்றுப் படுகையின் மக்களாகிய உங்களுக்கு, அவ்வூர் அந்நியமாகத் தோன்றாது. வறண்ட உப்புநிலமும் அடர்ந்த பசுமையும் அருகருகே கிடக்க, ஒன்றின் எல்லையில் நின்று மற்றொன்றைக் காணும் அனுபவம் இக்கவிஞருக்குப் பிறப்போடு வந்தது.

எனினும் அவர் தோஸரிலேயே வளரவில்லை. தந்தையார் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பயின்ற மார்க்க அறிஞர். காஜி என்னும் நீதிபதிப் பதவி வகித்தவர். அரசு அவரை ஊருக்கு ஊர் மாற்றியது. ஸிலியானா, காஃப்ஸா, காபிஸ், தாலா, ஸக்வான் என்று தெற்கிலிருந்து வடக்கு வரை அக்குடும்பம் குடிபெயர்ந்துகொண்டே இருந்தது. பாலையும், கடற்கரையும், கோதுமை வயலும், பனி படியும் மலைச்சாரலும் அச்சிறுவன் கண்முன்னே மாறிமாறித் தோன்றின. நிலைத்த ஊர் என்று ஒன்று வாய்க்காத பிள்ளைக்கு நாடு முழுவதும் ஊராயிற்று. பிற்காலத்தில் அவர் தம் தேசத்தைப் பாடும்போது அரசியல்வாதியின் வரைபடத்தைப் பாடாமல், தாம் பார்த்த மரத்தையும் மேய்ந்த ஆட்டையும் பாடியதற்கு இந்த நாடோடிப் பிள்ளைப் பருவமே வித்து.

பதினோராம் வயதில், 1920-ஆம் ஆண்டில், தூனிஸ் நகரத்து ஸைத்தூனாப் பெரும்பள்ளிவாசலின் கலாசாலையில் அவர் சேர்க்கப்பட்டார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை வாய்ந்த அக்கலாசாலையில் வேதமும், சட்டமும், இலக்கணமும், பழைய இலக்கியமும் போதிக்கப்பட்டன, பிரெஞ்சு கற்பிக்கப்படவில்லை. நாடோ 1881 முதல் பிரெஞ்சுக்காரரின் பாதுகாப்பாட்சியில் இருந்தது. பிரெஞ்சு அறிந்தவனுக்கே உத்தியோகமும் மரியாதையும் கிட்டிய அந்நாளில், ஷாப்பி அரபு ஒன்றைத் தவிர வேறு மொழி எதனையும் அறியாமலே வாழ்ந்து மறைந்தார். லாமர்த்தீனையும் கதேயையும் எகிப்தியர் செய்த அரபு மொழிபெயர்ப்புகளிலேயே படித்தார். அமெரிக்காவில் குடியேறிய சிரிய, லெபனான் நாட்டு எழுத்தாளர்களின் நூல்கள், ஜிப்ரானுடையவை முதலாக, அவர் கைக்கு வந்து சேர்ந்தன. புதுமை என்பது அந்நிய மொழிப் பயிற்சியினால் மட்டுமே பிறக்கும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அவ்வெண்ணத்துக்கு இவருடைய ஜீவிதமே வலுவான மறுப்பு. நவீன அரபுக் கவிதையின் மாபெரும் புரட்சியாளருள் ஒருவர், தாய்மொழி ஒன்றை மட்டும் கற்று, பழமையின் கோட்டையாகிய ஒரு சமயக் கலாசாலையினுள்ளிருந்தே எழுந்தார். பழைய மரபை முற்றக் கற்றவரானபடியால், அதன் குறை எங்கே இருக்கிறது என்பதும் அவருக்கே புலனாயிற்று.

அக்குறையைச் சபையேறிச் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இருபது வயதை எட்டும் தறுவாயில், வாய்த்தது. இப்னு கல்தூனின் பெயரால் 1896-இல் நிறுவப்பட்ட கல்தூனிய்யாக் கழகத்தில், ‘அரபியரிடையே கவிதைக் கற்பனை’ என்னும் பொருள் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அது அவ்வாண்டே நூலாக வெளிவந்தது. சொற்பொழிவு என்னும் வடிவத்தினால் ஒரு நாட்டின் இலக்கிய வரலாறு திசைமாறிய அரிய நிகழ்ச்சிகளுள் அது ஒன்றாதலின், இம்மேடையில் நின்று அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அவர் கூறியது இது. அரபியரின் பழங்கதைகளிலே தேவதைகள் உண்டு. ஆனால் கிரேக்கருடைய புராணங்களிலும் வடஐரோப்பியருடைய புராணங்களிலும் காணும் கவித்துவம் அவற்றில் இல்லை. அரபுக் கவிஞர் இயற்கையை வருணித்தார்கள். ஆனால் தோட்டத்தைக் கண்டு மகிழும் விருந்தாளியைப் போலவே வருணித்தார்கள். அதன் முன் சிலிர்த்து நின்று, அதன் ஆத்மாவோடு பேசியவர்கள் அரியர். பெண்ணைப் பாடினார்கள், ஆனால் அவள் இடையையும் கண்ணையும் நடையையும் பாடினார்களேயன்றி, அவளுடைய உள்ளத்தின் ஆழத்தை நாடவில்லை, பெண்ணைத் தெய்விகமான ஓர் ஆதரிசமாகக் காணும் பார்வை அவர்களுக்கு வாய்க்கவில்லை. கதை சொன்னார்கள், வாழ்வின் மர்மத்தை ஆராயும் பொருட்டுச் சொல்லவில்லை. அரபு உள்ளம் சொல்வன்மையில் எரிந்து சுடர்விடுவது; எனினும் புலன்களுக்கு எட்டும் பொருளைத் தாண்டி உள்ளே இறங்கத் தயங்குவது. ஆதலால் முன்னோரின் இலக்கியத்தைப் போற்றுவோம். அதையே நம்முடைய காலத்தின் உணவாகக் கொள்ளமாட்டோம்.

இதைக் கேட்ட பழமைவாதிகள் கொதித்தெழுந்தார்கள். ஸைத்தூனாவில் பயின்றவனே ஸைத்தூனாவின் அஸ்திவாரத்தைத் தோண்டுகிறான் என்று பத்திரிகைகள் சீறின. அடுத்த ஆண்டு சனவரியில் அவர் மற்றொரு சொற்பொழிவு நிகழ்த்தச் சென்றபோது, கேட்பதற்கு எவரும் வரவில்லை. வெறும் இருக்கைகளைக் கண்டு திரும்பிய அந்த நாளைத் தம் நாட்குறிப்பிலே அவர் பதிந்திருக்கிறார்.

அவருடைய குற்றச்சாட்டு நியாயமானதுதானா? என்னளவில், பாதியே நியாயமானது என்பேன். முகத்தை மூடிவரும் கடலலை போன்ற இரவைப் பாடிய இம்ருல் கைஸும், பாலையின் ஒவ்வொரு விலங்கையும் உயிர்த்துடிப்போடு தீட்டிய துர்-ரும்மாவும், காதலுக்காகவே தேய்ந்து மாய்ந்த உத்ரா குலத்துக் கவிஞர்களும் இருக்கின்ற மொழியைக் கற்பனையற்றது என்று தள்ளிவிட இயலாது. லைலாவின்மேல் பித்தேறிய கைஸின் கதையைத் தமிழ் நாடக மேடையும் திரைப்படமும் கொண்டாடியதை நாம் அறிவோம்; அக்கதை பிறந்த மண் ஷாப்பியின் மொழி வழங்கிய மண்ணே. ஆயினும் ஒரு படைப்பாளியின் விமரிசனம் நீதிமன்றத் தீர்ப்பன்று. தான் எழுதப்போகும் கவிதைக்கு இடம் வேண்டி, அவன் வீட்டிலுள்ள பழம்பொருள்களை நகர்த்துகிறான். அநியாயமான விமரிசனத்திலிருந்து நியாயமான கவிதை பிறக்கக்கூடும் என்பதற்கு ஷாப்பியே சான்று.

இங்கே தமிழர் ஒருகணம் தம்மையும் எண்ணிப்பார்க்கலாம். நம் சங்க அகப்பாட்டுகளிலே முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் ஒன்றினுள் ஒன்று கலந்து கிடக்கின்றன. குறிஞ்சி நிலத்துத் தேனும், நெய்தல் நிலத்து உப்பங்கழியும் தலைவியின் மனத்துக்கு வெளியே நிற்கும் அலங்காரங்களல்ல. அவையே அவள் மனம். ஷாப்பி தம் மரபில் இல்லையென்று ஏங்கியது நம் மரபின் தலைவாசலிலேயே இருக்கிறது. அவர் அதை அறிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணுவதுண்டு. ஆனால் இதனால் நாம் தருக்கி நிமிர்வதற்கில்லை. பிற்காலத்துப் பிரபந்தங்களில், கேசாதிபாதமாகப் பெண்ணுடலை அளந்து, உவமைகளை வரிசையாக அடுக்கி, ஜமீன்தார்களின் முன் பாடிப் பரிசில் பெற்ற காலமும் நம்முடையதே. கல்தூனிய்யாவில் முழங்கிய அந்த இளைஞரின் கேள்வி அப்பிரபந்தங்களின் முன்னும் வந்து நிற்கத்தக்கது.

கல்தூனிய்யாச் சொற்பொழிவு நிகழ்ந்த 1929-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே தந்தையார் காலமானார். தாயும் தம்பியரும் அவர் பொறுப்பாயினர். சட்டப்படிப்பை 1930-இல் முடித்தும், தந்தையார் வகித்ததைப் போன்ற பதவியை அவர் நாடவில்லை. தோஸருக்குத் திரும்பி, எளிய வாழ்வு வாழ்ந்தார். குடும்பத்தாரின் விருப்பத்துக்கு இணங்கி மணம் செய்துகொண்டார். இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். இவற்றையெல்லாம்விடக் கொடியதாக வந்தது இருதய நோய். ஓடாதே, மலையேறாதே, நீந்தாதே, உணர்ச்சிவசப்படாதே என்று மருத்துவர் விதித்தார்கள். பூங்காவில் இளைஞர் ஓடியாடிக் களிப்பதைக் கண்டு நின்று, அவ்வின்பம் தமக்கு மட்டும் விலக்கப்பட்டதை எண்ணி நைந்த செய்தியை அவர் நாட்குறிப்பில் காண்கிறோம். உணர்ச்சிவசப்படாதே என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை.

1931-இல் அவர் இயற்றிய ‘காதல் ஆலயத்துத் தொழுகைகள்’ என்னும் நெடும்பாட்டு, கல்தூனிய்யாச் சொற்பொழிவிலே அவர் வைத்த கோரிக்கையைத் தாமே நிறைவேற்றிக் காட்டிய காவியம். அதில் வரும் பெண்ணுக்குப் பெயரில்லை, ஊரில்லை, கண் இன்னது போன்றது, கூந்தல் இன்னது போன்றது என்னும் பட்டியலுமில்லை. குழந்தைப் பருவம், கனவு, இசை, விடியற்காலை, சிசுவின் புன்னகை என்று தொட்டறிய முடியாதவற்றையே ஒன்றன்பின் ஒன்றாக உவமையாக்கி, உருவில்லா ஒளியாக அவளை எழுப்புகிறார். பின்னர் அவ்வுவமைகளும் போதாமற்போக, நீ யார் என்று அவளையே கேட்கிறார். தம்மை மீட்குமாறு அவளை இறைஞ்சுகிறார். அவள் அவருடைய காதலியா, இளமையில் இறந்ததாகச் சொல்லப்படும் ஒருத்தியின் நினைவா, கவிதைத் தெய்வமா என்று ஆராய்ச்சியாளர் வாதிடுவர். பாட்டைப் படிப்பவருக்கு அவ்வாதம் வேண்டுவதில்லை. பாரதியாரின் கண்ணம்மாவைக் காதலியாகவும் குழந்தையாகவும் குலதெய்வமாகவும் கண்ட மொழியினர் நாம். ஒருத்தியே பலவாக விளங்கும் மாயம் நமக்குப் புதிதன்று. இங்கே குறிக்கொள்ள வேண்டியது வேறொன்று. அதே தூனிஸில், 1930-ஆம் ஆண்டில், தாஹிர் ஹத்தாது என்னும் ஸைத்தூனாப் பட்டதாரி, மார்க்கத்திலும் சமுதாயத்திலும் பெண்ணின் நிலை பற்றி நூலெழுதி, அவளுக்குக் கல்வியும் உரிமையும் கோரி, அக்காரணத்தால் பெருந்துன்பத்துக்கு ஆளானார். ஒருவர் சட்டத்தின் வாயிலிலும் மற்றொருவர் கவிதையின் வாயிலிலும் நின்று தட்டிய கதவு ஒன்றே. காதற்பாட்டு சமுதாயத்துக்குப் புறம்பானது என்று கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

சொந்த நாட்டில் கிட்டாத செவி அவருக்கு எகிப்தில் கிட்டியது. அகமது ஸக்கீ அபூ ஷாதீ என்பவர், தொழிலால் மருத்துவ விஞ்ஞானி, ஈடுபாட்டால் தேனீ வளர்ப்பில் வல்லவர், இதயத்தால் கவிஞர். அவர் 1932-இல் கெய்ரோவிலிருந்து ‘அப்பொல்லோ’ என்னும் பத்திரிகையைக் கவிதைக்கென்றே தொடங்கினார். இரண்டு ஆண்டுகளே நடந்த அப்பத்திரிகை, அரபுலகமெங்கும் சிதறிக் கிடந்த புதுக்கவிகளை ஒரு குடும்பமாக்கியது. ஷாப்பியின் பாட்டுகள் அதில் வெளிவந்தபின்னரே தூனிஸ் நகரத்தார் தம் பிள்ளையின் அருமையை உணரலாயினர். அபூ ஷாதீ தம்முடைய கவிதைத் தொகுதி ஒன்றுக்கு முகவுரை எழுதும்படி, தாம் நேரில் கண்டிராத அந்த இளைஞரையே வேண்டிக்கொண்டார் என்பது அக்குடும்ப உறவின் அன்புக்கு அடையாளம்.

கோடைக்காலங்களில் மருத்துவர் யோசனைப்படி அவர் வடமேற்கு மலைநாட்டுக்குச் சென்று தங்குவார். அல்ஜீரிய எல்லையை அடுத்த ஐன் திராஹமும், அதற்குக் கீழே கடலோரத்துத் தபர்க்காவும், தக்கைமரக் காடுகள் அடர்ந்த குளிர்ந்த இடங்கள். பாலையோரத்தில் பிறந்தவர்க்கு அக்கானகம் சொர்க்கமாயிற்று. ஆடுகளை ஓட்டிக்கொண்டு விடியலில் காட்டுக்குள் செல்லும் இடையனின் பாட்டு, புதிய காலைப்பொழுதை நோக்கித் துயரங்களை அடங்கச் சொல்லும் பாட்டு ஆகியன 1933-இல் பிறந்தன. இடையனின் பாட்டைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். அதில் அரசனில்லை, எதிரியில்லை. விழித்தெழும் பறவைகளும், பனித்துளி படிந்த புல்லும், மேயப்போகும் மந்தையும் மட்டுமே. ஓடக்கூடாதென்று தடுக்கப்பட்ட ஒருவர், துள்ளியோடும் ஆட்டுக்குட்டிகளின் சந்தத்தில் அதைப் பாடியிருக்கிறார் என்பதை அறிந்து படிக்கும்போது, அதன் களிப்பு நம் கண்ணை நனைத்துவிடுகிறது.

அவ்வாண்டு செப்டம்பரில், அதே மலைநாட்டில் எழுதப்பட்டதுதான் ‘வாழ்வின் சித்தம்’ என்னும் புகழ்பெற்ற பாட்டு. உலகம் அறிந்தது அதன் தொடக்கத்தையே. ஒரு மக்களினம் உண்மையாகவே வாழ விரும்பினால் விதியும் அதற்கு வழிவிடும் என்னும் கருத்து அங்கே அமைந்திருக்கிறது. அதன்மேல் சமயவாதிகள் சினந்தார்கள். இறைவனின் விதியை மனிதனின் விருப்பத்துக்குப் பணியச் சொல்வது நாத்திகம் என்றார்கள். அரசியல்வாதிகள் பின்னாளில் மகிழ்ந்தார்கள். இரு சாராரும் தொடக்கத்தோடு நின்றுவிட்டார்கள் என்பதே என் ஆதங்கம். பாட்டு அதன்பின் நெடுந்தூரம் செல்கிறது. கவிஞர் காற்றைக் கேட்கிறார். காற்று, சிகரம் ஏறத் துணியாதவனைப் பற்றிப் பேசுகிறது. பூமியைக் கேட்கிறார், அவள் தன் மக்களுள் எவரை விரும்புகிறாள் என்று சொல்கிறாள். பின்னர் ஓர் இலையுதிர்காலத்து இரவில், இருளைப் பார்த்து, வாடியதற்கு வாழ்வு திரும்புமா என்று வினவுகிறார். இருள் வாய்திறக்கவில்லை. விடை காட்டிலிருந்து வருகிறது. குளிர்காலம் வருகிறது, கிளையின் மாயமும் மலரின் மாயமும் கனியின் மாயமும் அணைகின்றன, கொம்புகள் ஒடிகின்றன, எல்லாம் போய் விதைகள் மட்டும் எஞ்சுகின்றன. மூடுபனிக்கும் உறைபனிக்கும் சேற்றுக்கும் அடியில் அவை, மறைந்துபோன அழகு முழுவதையும் தழுவிக்கொண்டு, பறவையின் பாட்டையும் மலரின் மணத்தையும் கனவு கண்டபடி கிடக்கின்றன. பிறகு மண் பிளக்கிறது; வசந்தம் வருகிறது.

இவ்விதைகளே அப்பாட்டின் இருதயம். விடுதலைப் பேச்சு எத்தனையோ மேடைகளில் அன்று நிகழ்ந்தது. மண்ணுக்கடியில் கனவு காணும் விதையை எந்த மேடையும் தரவில்லை. காடு தந்தது. அந்தக் காட்டைத் தோழனாகக் கொண்டு பேசும் பழக்கத்தையோ, காதற்பாட்டுகளின் ஏக்கம் தந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஒருத்தியை முழுமனத்தோடு நம்பிப் பாடிப் பழகியவரால்தான், கண்ணுக்குப் புலப்படாத ஒரு சுதந்திர தேசத்தையும் நம்பிப் பாட முடிந்தது. அவர் அப்பாட்டை எழுதிய நாளில் துனீசியாவின் சுதந்திரத்துக்கு இன்னும் இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது. அவருடைய ஆயுளிலோ பதின்மூன்று மாதங்களே எஞ்சியிருந்தன.

இவ்விடத்தில் பாரதியாரின் நினைவு எழாத தமிழர் இரார். 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்து, பத்தாண்டுக் காலம் பிரெஞ்சுப் புதுச்சேரியில் தங்கி, 1921-இல் முப்பத்தொன்பதாவது வயது நிறையுமுன் மறைந்த நம் மகாகவிக்கும், பிரெஞ்சு ஆட்சியில் பிறந்து, இருபத்தைந்தில் மறைந்த இவருக்கும் ஒப்புமைகள் பல. இருவரும் ஒருவரையொருவர் அறியார். வேற்றுமை ஒன்றையும் மறைக்கலாகாது. பாரதியார் பத்திரிகாசிரியர்; பல மொழிகள் அறிந்தவர்; அன்றாட அரசியலில் இறங்கிப் போராடியவர்; நகைச்சுவையும் சினமும் விளையாட்டும் அவர் எழுத்தில் கைகோத்து வரும். ஷாப்பி தனிமையின் மகன். அவர் கவிதையில் சிரிப்பு அரிது. தம் மக்கள்மேல் அவர் கொண்ட அன்பு சிற்சில வேளைகளில் கசந்து, நான் மரம்வெட்டியாக இருந்து உங்கள் அடிமரத்தில் கோடரி பாய்ச்சியிருக்கக்கூடாதா என்னும் அளவுக்குச் சுடுசொல்லாக வெடிப்பதையும் ‘அறியப்படாத தீர்க்கதரிசி’ என்னும் பாட்டில் காண்கிறோம். உறங்குபவனை எழுப்பி எழுப்பி அலுத்தவனின் கோபம் அது. பாரதியாரிடமும் அக்கோபம் உண்டு. ஆனால் அவர் மறுகணமே மனிதர் நடுவில் வந்து அமர்ந்துவிடுவார். ஷாப்பி காட்டுக்குப் போய்விடுவார்.

1934-இல் நோய் முற்றியது. அவ்வாண்டிலும், கொடுங்கோலரை நோக்கி எச்சரிக்கும் பாட்டொன்றை இயற்றினார். தம் கவிதைகளையெல்லாம் தாமே தேர்ந்து, வரிசைப்படுத்தி, படியெடுத்து, ‘வாழ்வின் கீதங்கள்’ என்று பெயரிட்டுக் கெய்ரோவில் அச்சிடுவதற்காக ஆயத்தம் செய்தார். சாவை எதிர்நோக்கியிருந்தவர் தம் நூலுக்கு இட்ட பெயர் அது. அக்டோபர் 9-ஆம் நாள், தூனிஸ் நகரத்து இத்தாலிய மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. உடலைத் தோஸருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள். நூலோ இருபத்தோராண்டு காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1955-இல் தம்பி முஹம்மது அமீனின் முயற்சியால் கெய்ரோவில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் துனீசியா சுதந்திரம் பெற்றது. அத்தம்பியே சுதந்திர நாட்டின் முதல் கல்வி மந்திரியாக அமர்ந்தார். கேட்பாரின்றி ஒரு சொற்பொழிவு கைவிடப்பட்ட அதே நகரத்துப் பள்ளிக்கூடங்களில், அச்சொற்பொழிவாளரின் பாட்டுகள் பாடமாயின.

எகிப்தியரான முஸ்தபா ஸாதிக் அர்-ராஃபிஈ எழுதிய ‘தாயகத்தின் காவலர்’ என்னும் கீதத்தோடு ஷாப்பியின் வரிகள் இணைந்தன. அது 1987 முதல் துனீசியாவின் தேசிய கீதமாக இருக்கிறது. அரசு விழாக்களில் அதைப் பாடிய ஆட்சியாளரை நோக்கியே மக்கள் அதைத் திருப்பிப் பாடும் நாளும் வந்தது. 2010 டிசம்பர் 17-ஆம் நாள் ஸீதி பூஸீத் என்னும் ஊரில் தள்ளுவண்டிப் பழவியாபாரி முஹம்மது பூஅஸீஸீ, அதிகாரிகளின் அவமதிப்புப் பொறாமல் தம்மைத் தாமே எரித்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள், 2011 சனவரி 14-ஆம் நாள், இருபத்து மூன்று ஆண்டு ஆண்ட அதிபர் நாட்டைவிட்டு வெளியேறினார். மக்கள் விரும்புகிறார்கள் என்று தொடங்கி அரபுலகெங்கும் அப்போது எழுந்த கோஷத்தில், ஷாப்பியின் பாட்டுத் தொடக்கத்துச் சொற்களே எதிரொலித்தன. ஸீதி பூஸீத் பகுதி, தோஸரிலிருந்து வடக்கே தலைநகர் நோக்கிச் செல்வோர்க்குத் தொலைவானதன்று. சிறுவயதில் தந்தையின் பின்னே ஊர் ஊராகச் சென்ற ஷாப்பி கண்ட வறுமை, பல பத்தாண்டுக்குப் பின்னும் அவ்வுள்நாட்டுப் பிரதேசத்தை விட்டு நீங்கவில்லை என்பது, அவர் பாட்டு இன்னும் பழையதாகாமைக்குத் துயரமான காரணம்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். கீழக்கரையில் அடங்கியிருக்கும் சதக்கத்துல்லா அப்பா போன்றோர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அரபு மொழியில் பாப்புனைந்த நாடு இது. இன்றும் நம் மாவட்டத்தின் மதரஸாக்களில் அரபு இலக்கணத்தில் தேர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் யாப்பறிந்த தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமர்வது அரிதாகவே நிகழ்கிறது. ஆண்டுக்கு ஐந்து பாட்டு என்று வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தின் வாயிலாகச் சுற்றிவராமல், அரபு மூலத்தைச் சொல் சொல்லாகப் படித்துச் சொல்வார் ஒருவரும், அதைத் தமிழ்ச் சந்தத்தில் நிறுத்துவார் ஒருவருமாக, ‘வாழ்வின் கீதங்கள்’ முழுமையையும் தமிழாக்கும் பணியை இவ்வறக்கட்டளையார் ஏற்று நடத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதலாண்டுக்குரிய ஐந்தில் தேசிய கீதத்து வரிகளை உடைய பாட்டைச் சேர்க்க வேண்டாம். அதை மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காதல் ஆலயத்துத் தொழுகைகளிலிருந்து தொடங்குங்கள். அடுத்து இடையனின் பாட்டை எடுங்கள். அவ்வரிசையில் படித்துவரும் மாணவன், விதைகள் பேசும் இடத்துக்குத் தானாகவே தயாராக வந்துசேர்வான்.